உபுண்டு 20.04 சர்வர்: அதன் மேலேயே ஏற்றுவதா, பக்கத்தில் புதிதாகப் போடுவதா?

2020 ஏப்ரலில் வந்த லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 20.04-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டன. ஆனாலும் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி (நிரல்மொழி), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) மூன்றையும் சுமந்துகொண்டு இன்னும் அதிலேயே ஓடும் சர்வர்களைப் பார்க்க முடிகிறது. "நல்லாத்தானே ஓடுது, ஏன் தொடணும்?" என்று ஆபீஸில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்கு ஏற்ற வழியும் ஒன்று இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.

உபுண்டு புரோ என்ற நீட்டித்த ஆதரவுச் சந்தாவில் சர்வரை இணைத்துவிட்டால் 20.04-க்கு 2030 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரை இலவசம், அதற்கு மேல் காசு. இணைக்க ஒரு கட்டளை போதும், பதிப்புகள் மாறாததால் பெரிதாக எதுவும் உடையாது. ஆனால் பிஎச்பி 7.4-ஐ விட்டு நகர முடியாது; புதிய லைப்ரரிகள் 8-க்குக் கீழே பேசவே மாட்டேன் என்கின்றன. நிதானமாகத் திட்டமிட அவகாசம் வாங்க இது சரி. ஐந்து வருடம் இப்படியே ஓட்டிவிடலாம் என்று உட்கார்ந்தால், கடைசியில் நான்கு பதிப்புகளின் மாற்றங்களும் ஒரே நாளில் தலையில் விழும்.

இருக்கும் சர்வரிலேயே அப்கிரேட் செய்வதுதான் பலருக்கும் முதலில் தோன்றுவது. 20.04-லிருந்து 24.04-க்கு நேராகத் தாவ முடியாது, 22.04-ல் இறங்கித்தான் ஏற வேண்டும். எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வழியாகச் செய்தால், இணைப்பு அறுந்தாலும் உள்ளே வர அப்கிரேட் கருவி 1022 போர்ட்டில் இன்னொரு கதவைத் திறந்துவைக்கும். ஆனால் ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. வெளியிலிருந்து சேர்த்த பிபிஏக்களை (உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே உள்ள பேக்கேஜ் களஞ்சியங்கள்) எல்லாம் அது முடக்கிவிடும். நடுவே எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலைக் காட்டி, "உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?" என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் புதியதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் போட்ட அமைப்புகள் காலி.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். பழைய பேக்கேஜ்களை நீக்கச் சம்மதித்தால் பிஎச்பி 7.4 போய் 8.1 வந்திருக்கும். என்ஜின்எக்ஸோ இன்னும் 7.4-ன் சாக்கெட் ஃபைலையே (பிஎச்பியோடு பேசும் வழி) தேடிக்கொண்டிருக்கும், வெப்சைட்டில் 502 பிழை. போஸ்ட்கிரெஸ் 14 இன்ஸ்டால் ஆகியிருந்தாலும் டேட்டா மொத்தமும் பழைய 12-ல்தான் கிடக்கும்; தனியாக மாற்ற வேண்டும். பைத்தான் 3.8-ல் உருவாக்கிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்களை (ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனியான லைப்ரரித் தொகுப்பு) மறுபடி கட்ட வேண்டும். 24.04-க்குப் போகும்போது இதே கூத்து இன்னொரு சுற்று.

பக்கத்தில் புதிய 24.04 சர்வர் போட்டு மாற்றுவதற்குச் சில நாட்கள் இரட்டை வாடகை ஆகும். நான் தயங்காமல் அதைக் கொடுப்பேன். டேட்டாபேஸ் டம்ப்பை (முழு நகல்) எடுத்துப் புதியதில் ஏற்றி, பிஎச்பி 8.3-ல் அப்ளிகேஷன் எங்கே அழுகிறது என்று பட்டப்பகலில், யாருக்கும் தொந்தரவில்லாமல் பார்க்கலாம். டிஎன்எஸ்ஸின் (வெப்சைட் பெயரை ஐபி முகவரியோடு இணைப்பது) டிடிஎல்லை, அதாவது பழைய பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, முந்தின நாளே 300 விநாடிக்கு இறக்கிவைத்தால், மாற்றம் சீக்கிரம் பரவும். சிக்கினால் டிஎன்எஸ்ஸைத் திருப்பிவிடலாம்; இடைப்பட்ட நேரத்தில் புதியதில் பதிவான டேட்டாவை மட்டும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது ஐபி முகவரி. ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் கேட்வேயும் பேமென்ட் கேட்வேயும் பழைய ஐபியை மட்டும் அனுமதித்திருந்தால், வெப்சைட் திறக்கும், ஆனால் யாரும் லாகின் செய்ய முடியாது. ரூட்டின் கிரான்டேப்பும் (நிர்வாகிக் கணக்கில் நேரம் குறித்த தானியங்கி வேலைகளின் பட்டியல்) மறந்துபோவது அப்படித்தான்: பேக்கப் ஓடவில்லை என்பது பேக்கப் தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

ஆக, டேட்டாபேஸ் உள்ள எதற்கும் புதிய சர்வர். மானிட்டரிங் மாதிரிச் சின்ன மெஷின், ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் நகல்) எடுக்க முடியும், பிபிஏ எதுவும் இல்லை என்றால் அதன் மேலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

எப்போது? புதிய எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு) வந்த அன்றே வேண்டாம். உபுண்டுவே முதல் பாயின்ட் ரிலீஸ் (திருத்தங்கள் சேர்ந்த வெளியீடு) வரை பழைய எல்டிஎஸ்காரர்களை அழைப்பதில்லை; 2024 ஏப்ரலில் வந்த 24.04-க்கு அது ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது. கிழமையைக் கேட்டால் செவ்வாய் அல்லது புதன் காலை. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சம்பளம் போடும் மாதக் கடைசியும் கூடவே கூடாது.