முதல் வியூக ஆட்டமாக எதை எடுப்பது: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஸ்டார்கிராஃப்ட் 2

நிகழ்நேர வியூக ஆட்டம், அதாவது முறை வைத்து ஆடாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் வளம் சேர்த்துப் படை திரட்டி மோதும் கணினி ஆட்டம், ஒன்றைக்கூட ஆடியிராத ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று, 1999-இல் வெளிவந்து 2019-இல் புதுப்பதிப்புக் கண்ட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. மற்றொன்று, 2010-இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் 2. நான் இவ்விரண்டையும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒருநாள் இது ஒருநாள் அது என்று மாற்றி மாற்றிக் கற்கத் தொடங்கி, நான்கு மாதங்களுக்குப் பிறகு முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை நிறுத்திவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை மறைப்பதில் பொருளில்லை.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் சொல்லிக் கடந்துவிடலாம். ஸ்டார்கிராஃப்ட் 2-இன் போட்டி ஆட்டங்களும் முதல் கதைத்தொடரும் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன; ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஒன்றில் விண்வெளிப் போர், மற்றொன்றில் இடைக்கால வரலாறு. எது கண்ணுக்கு அழகு என்பது அவரவர் ரசனை. இனங்களின் எண்ணிக்கையை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். டெரன், சர்க், புரோட்டாஸ் என்று மூன்றே இனங்கள் உள்ள ஸ்டார்கிராஃப்ட் எளிதாகவும், நாற்பதுக்கும் மேற்பட்ட நாகரிகங்கள் உள்ள ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மலைப்பாகவும் தோன்றும். உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. அந்த மூன்று இனங்களும் கட்டடம் எழுப்பும் முறையிலிருந்தே வேறுபடுவதால், டெரனில் கற்றதில் பாதி சர்க்குக்கு உதவாது. நாகரிகங்களோ ஒரே மரத்தின் கிளைகள். வீடு, ஆலை, படைக்கூடம், குதிரை லாயம் என்ற சட்டகம் பெரும்பாலும் பொதுவாக இருக்க, சில சலுகைகளும் சில இல்லாமைகளும் மட்டுமே மாறுகின்றன. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றை ஒரு மாலையில் ஆடிப் பார்த்துவிடலாம்.

கட்டுப்பாடுகளைப் பொறுத்தவரை ஸ்டார்கிராஃப்ட் 2 மேலானது என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். சுட்டியை அழுத்திய கணமே படை திரும்புகிறது; நூறு வீரர்கள் ஒரு குறுகிய பாதையில் முட்டிக்கொள்ளாமல் தண்ணீர் போல ஓடிப் புகுகிறார்கள். சும்மா நிற்கும் தொழிலாளியைக் கண்டுபிடிக்க எஃப்1, படை முழுவதையும் ஒரே அழுத்தில் தேர்ந்தெடுக்க எஃப்2, ஏதேனும் எச்சரிக்கை வந்தால் அந்த இடத்துக்குத் தாவ ஸ்பேஸ் என்று முக்கியமான விசைகள் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளன. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டருக்கு எச், வில்லேஜர் எனப்படும் தொழிலாளி சும்மா நின்றால் முற்றுப்புள்ளி விசை, சும்மா நிற்கும் வீரருக்குக் காற்புள்ளி விசை. இடக்கை க்யூ, டபிள்யூ, ஈ பக்கம் இருக்கும்போது முற்றுப்புள்ளி விசை விசைப்பலகையின் மறுகோடியில் கிடக்கிறது. முதல் நாளிலேயே அமைப்புகளுக்குள் போய் அதை இடக்கைப் பக்கம் மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. நான் அதைச் செய்யாமல் ஒரு மாதத்தை வீணடித்தேன்.

இரண்டிலும் பொதுவான ஒரு பாடம் உண்டு. வலப்பக்கச் சொடுக்கு என்பது “அங்கே போ” என்ற கட்டளை மட்டுமே. வழியில் எதிரி நின்றாலும் படை அடிவாங்கிக்கொண்டே நடக்கும். “போகும் வழியில் எதிர்ப்பட்டவரோடு சண்டையிட்டுக்கொண்டே போ” என்பதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. ஸ்டார்கிராஃப்டில் அது ஏ விசை. என் முதல் பத்துத் தோல்விகளில் பாதிக்கு இந்த வேறுபாடு தெரியாததே காரணம். இதற்கு அடுத்ததாகக் கற்க வேண்டியது, கன்ட்ரோல் விசையோடு எண்ணை அழுத்திப் படைகளைக் குழுவாக்குவது. தொடக்கத்தில் ஒன்றுக்குப் படை, இரண்டுக்குப் படைக்கூடங்கள் என்று இரண்டே குழுக்கள் போதும். ஐந்து குழுக்கள் வைத்து ஆடுபவர்களின் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்ய முயன்றால், விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொள்வதுதான் மிச்சம்.

பொருளாதாரத்தில் இரண்டுக்கும் வேதவாக்கு ஒன்றே: தொழிலாளர் உற்பத்தி நிற்கக்கூடாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் பெரும்பாலான நாகரிகங்கள் மூன்று வில்லேஜர்களோடும் ஒரு வேவுக்குதிரையோடும் தொடங்குகின்றன. கையில் 200 உணவு, ஒரு வில்லேஜருக்கு 50 உணவு; எனவே ஆட்டம் தொடங்கியதும் நான்கு பேரை வரிசையில் போட்டுவிட்டு, இருப்பவர்களை வீடு கட்ட அனுப்ப வேண்டும். டவுன் சென்டர் ஐந்து பேருக்கு மட்டுமே இடம் தருவதால், வீடு தாமதமானால் உற்பத்தி அப்போதே தடைபடும். பிறகு ஆடுகள். அவற்றை டவுன் சென்டரின் காலடியிலேயே, ஒவ்வொன்றாகத்தான் அறுக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கை அறுத்தால் இறைச்சி கெட்டு, உணவு குறைந்துகொண்டே போகும். அதன்பின் மரத்துக்குச் சிலர், பழச்செடிக்குச் சிலர், காட்டுப்பன்றியை இழுத்துவர ஒருவர்.

ஸ்டார்கிராஃப்ட் இந்தத் தொடக்கச் சமையலைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. 2015 முதல் 12 தொழிலாளர்களோடு ஆட்டம் தொடங்குகிறது. மினரல், வாயு என்று இரண்டே வளங்கள். ஒரு தளத்தின் எட்டு மினரல் குவியல்களுக்கு 16 பேர், ஒவ்வொரு வாயுக் கிணற்றுக்கும் மூவர் என்று கணக்கும் நேரானது. படைக்கு இடம் தரும் கட்டடம் (சர்க்குக்கு ஓவர்லார்ட் எனும் பறக்கும் உயிரி) ஒவ்வொன்றும் எட்டு இடம் தருகிறது. காகிதத்தில் இது எளிது. ஆனால் இனத்துக்கு ஒரு பராமரிப்புக் கடமை உண்டு. சர்க் ஆடினால் ராணி ஏறத்தாழ அரை நிமிடத்துக்கு ஒருமுறை முட்டைக்கூட்டுக்கு ஊட்டம் செலுத்த வேண்டும்; புரோட்டாஸ் உற்பத்தியை விரைவாக்கும் கால ஊக்கத்தை உடனுக்குடன் செலவழிக்க வேண்டும்; டெரன் மினரல் அள்ளும் மியூல் எந்திரத்தை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸிலும் ஒருகாலத்தில் வயல்களை மீண்டும் மீண்டும் விதைக்கும் இப்படியொரு தொல்லை இருந்தது. புதுப்பதிப்பில் அதைத் தானாக நடக்கும்படி விட்டுவிடலாம்.

இனி எனக்கு முடிவைத் தந்த காரணத்துக்கு வருகிறேன். ஸ்டார்கிராஃப்ட் “வேகமான ஆட்டம்”, மற்றது “மெதுவான ஆட்டம்” என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தச் சொல் என்னைச் சில வாரங்கள் ஏமாற்றியது. ஏனெனில் பொருளாதாரத்தில் அந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை. ஸ்டார்கிராஃப்டில் ஒரு தொழிலாளி உருவாக 12 விநாடி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஒரு வில்லேஜருக்கு 25 விநாடி. ஆனால் அங்கே ஆட்டக் கடிகாரம் இயல்பாக 1.7 மடங்கு வேகத்தில் ஓடுவதால், நம் கைக்கடிகாரத்தில் அது 15 விநாடிக்கும் சற்றுக் குறைவு. 12-க்கும் 15-க்கும் இடையில் ஒரு புதியவரின் தலைவிதி மாறிவிடாது. கட்டடத்தை மறந்து ஒரு நிமிடம் சும்மா விட்டால், இங்கும் அங்கும் நான்கைந்து தொழிலாளர்கள் குறைவார்கள், அவ்வளவே.

வேறுபாடு சண்டையில் இருக்கிறது. மேம்பாடு எதுவும் பெறாத இரண்டு மரீன்கள், அதாவது டெரனின் துப்பாக்கி வீரர்கள், நேருக்கு நேர் சுட்டுக்கொண்டால், ஒருவருக்கு 45 உயிர்ப்புள்ளி, ஒரு குண்டுக்கு ஆறு. எட்டாவது குண்டில் ஒருவர் விழுகிறார். குண்டுகளுக்கு இடைவெளி 0.61 விநாடி என்பதால், எல்லாம் நான்கு விநாடிகளில் முடிந்துவிடுகிறது. மேம்பாடு பெறாத இரண்டு நைட் குதிரைவீரர்கள் மோதினால், 100 உயிர்ப்புள்ளியைக் கவசம் கழித்து அடிக்கு எட்டாகக் கரைக்க 13 அடிகள் தேவை. அடிகளுக்கு இடைவெளி 1.8 விநாடி. ஆட்டக் கடிகாரத்தில் ஏறத்தாழ 22, கைக்கடிகாரத்தில் 13 விநாடி. நான்குக்கும் பதின்மூன்றுக்கும் இடையிலான அந்த ஒன்பது விநாடிகளில்தான் ஒரு புதியவர் விளையாட்டைக் கற்கிறார். தளத்தில் வீடு கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது; எதிரி ஈட்டிக்காரர்களைக் கொண்டுவந்திருக்கிறான், நாம் குதிரைகளை அனுப்பியிருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது; பின்வாங்கப் பொழுதும் இருக்கிறது.

ஸ்டார்கிராஃப்டில் எனக்கு நேர்ந்தது வேறு. இருபது மரீன்களை ஒரு சரிவின் கீழ் நிறுத்திவிட்டு, வாயுக் கிணற்றுக்கு ஆள் அனுப்பப் போய்த் திரும்பினால், தரையில் பச்சைக் கறை மட்டும் இருக்கும். உருண்டு வந்து வெடிக்கும் பேன்லிங்குகள் எனும் சர்க் உயிரிகளின் வேலை அது. நெருங்கி நிற்கும் மரீன்களைச் சிதறவிட வேண்டும் என்பதைப் பதிவுசெய்த ஆட்டத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்துத்தான் அறிந்தேன். அறிந்த பிறகும், உரிய நேரத்தில் அங்கே பார்த்துக்கொண்டிருந்தால்தானே சிதறவிட முடியும்? தவறு எது என்று தெரிவதற்கு முன்பே தண்டனை முடிந்துவிடுகிறது. தோல்வி வலிக்கவில்லை, தோல்வியிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் கிடைக்காததுதான் வலித்தது.

இந்த அவகாசம் சண்டைக்கு வெளியிலும் தொடர்கிறது. சர்க் எதிரி தொழிலாளர்களைத் தியாகம் செய்து அவசரப் படை அனுப்பினால், இரண்டு நிமிடம் கடந்த சற்று நேரத்தில் அது வாசலில் நிற்கும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் இருண்ட காலம் எனும் முதல் காலத்திலேயே சில காலாள் வீரர்களை அனுப்பித் தொல்லை தரும் உத்தி உண்டென்றாலும், அடிப்படை நிலையில் ஆடுவோர் அதைச் சரியாகச் செய்வது அரிது. குதிரையோ வில்லாளரோ வருவதற்குள் நாம் இருபது வில்லேஜர்களைத் தாண்டியிருப்போம். அப்படி வந்தாலும் மணியை அடித்தால் வில்லேஜர்கள் டவுன் சென்டருக்குள்ளும் கோபுரங்களுக்குள்ளும் ஓடி ஒளிகிறார்கள். ஒரு டவுன் சென்டர் 15 பேருக்கு இடம் தருவதோடு, உள்ளே ஆள் சேரச் சேர அதிக அம்புகளை எய்கிறது. பதறிப்போனவருக்கென்றே வைத்த பொத்தான் போன்றது அது. ஆபத்து நீங்கியதும் அனைவரையும் வேலைக்குத் திருப்பி அனுப்ப மறக்கக்கூடாது. நான் ஒருமுறை ஒற்றை வேவுக்குதிரைக்கு அஞ்சி ஊரையே இரண்டு நிமிடம் பூட்டி வைத்திருந்தேன்.

நேர்மையாக ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸிலும் ஒரே கணத்தில் படையை அழிக்கும் பொறி உண்டு: மாங்கனெல் எனும் கல்லெறி எந்திரம். நெருங்கி நிற்கும் வில்லாளர் கூட்டத்தை ஒரே வீச்சில் முடித்துவிடும். ஆனால் அது மூன்றாம் காலமான கோட்டைக் காலத்தில்தான் வருகிறது, ஆமை நடை நடக்கிறது, கல் பறந்து வருவதும் கண்ணுக்குத் தெரிகிறது.

தந்திரம் என்ற அளவில் புதியவர் மனப்பாடம் செய்ய வேண்டியது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் மிகக் குறைவு. ஈட்டிக்காரர் குதிரையை வெல்வார். குதிரை வில்லாளரை மிதிக்கும். வில்லாளர் காலாட்படையைத் தூரத்திலிருந்தே தேய்ப்பார். ஸ்கர்மிஷர் எனும் வேல் எறிவோர் வில்லாளரை அடக்குவர். ஈட்டிக்காரருக்கும் ஸ்கர்மிஷருக்கும் தங்கம் தேவையில்லை என்பதால், பின்தங்கியவர்கூட உணவையும் மரத்தையும் வைத்துத் தாக்குப்பிடிக்க முடியும். ஸ்டார்கிராஃப்டிலும் இலேசானவை, கவசமுள்ளவை என்ற வகைப்பாட்டின்மேல் இப்படிப்பட்ட உறவுகள் உள்ளன. ஆனால் அங்கே எந்தப் படை என்பதைவிட, அதை எங்கே, எப்படி விரித்து நிறுத்துகிறோம் என்பது பல வேளைகளில் மேலோங்கிவிடுகிறது. அது அழகு, புதியவருக்கு உரியதல்ல.

கற்பிக்கும் ஏற்பாட்டிலும் என் ஓட்டு பழைய பக்கமே. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் புதுப்பதிப்பில் “ஆர்ட் ஆஃப் வார்” என்ற பயிற்சிச் சவால்கள் இருக்கின்றன. தொடக்கப் பொருளாதாரத்தை இவ்வளவு நேரத்துக்குள் முடித்தால் தங்கப் பதக்கம், தாமதித்தால் வெள்ளி அல்லது வெண்கலம் என்று எதிரியே இல்லாமல் கையைப் பழக்குகின்றன. மூன்று வில்லேஜர்கள் 21 ஆவதற்கு 18 பேர், அதாவது ஆட்டக் கடிகாரத்தில் இடைவிடாமல் 450 விநாடி. இந்த எண்ணோடு நம் நேரத்தை ஒப்பிட்டால் டவுன் சென்டர் எவ்வளவு நேரம் தூங்கியது என்பது விநாடிக் கணக்கில் தெரிந்துவிடும். முதல் முயற்சியில் என்னுடையது மூன்று நிமிடத்துக்கு மேல் தூங்கியிருந்தது.

என் அனுபவம் மெலிந்த இடங்களும் உண்டு. சர்க்கை நான் பதினைந்து ஆட்டங்களுக்கு மேல் ஆடவில்லை. அதன் கடினம் பற்றி மேலே சொன்னதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளவும். இரண்டிலுமே தரவரிசையின் கீழ்ப்படிகளைத் தாண்டியதில்லை. கடற்போர் வரைபடங்களை வேண்டுமென்றே தவிர்த்துவிட்டேன்.

நண்பர் ஒருவருக்கு நான் ஸ்டார்கிராஃப்ட் 2-ஐத்தான் பரிந்துரைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஒரு ஆட்டம் நாற்பது நிமிடம், சில வேளை ஒரு மணி நேரம் இழுக்கும். இடையில் எழுந்து போக முடியாது. அவருக்கு ஒரு நாளில் கிடைப்பது அரை மணி நேரம். அதற்குள் ஸ்டார்கிராஃப்டில் இரண்டு முறை தோற்றுவிடலாம். அவர் புரோட்டாஸை எடுத்திருக்கிறார், எஃப்2 விசையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை, கணினி எதிரியை நடுத்தர நிலையில் வென்றும்விட்டார்.