பட்டனோடு மதிப்பு அனுப்ப: லாம்ப்டாவா, பார்ஷியலா?

பைத்தான் நிரல்மொழியில் சாளரமும் பட்டனும் அமைக்க உதவும் டிகிண்டரில் (tkinter) பட்டனை அழுத்தினால், நாம் கொடுத்த ஃபங்ஷன் எந்த மதிப்பும் இல்லாமல்தான் அழைக்கப்படும். கால்குலேட்டருக்கு 0 முதல் 9 வரை லூப்பில் பட்டன்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் அதன் எண்ணை அனுப்ப ஒரு லாம்ப்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) எழுதினால், எதை அழுத்தினாலும் 9 வரும். லாம்ப்டா எண்ணைச் சேமித்து வைப்பதில்லை. அழுத்தும் நேரத்தில்தான் மாறியைப் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்திருக்கும். லாம்ப்டாவுக்கு ‘எண்=எண்’ என்று இயல்பு மதிப்பு (default) கொடுத்தால் சரியாகும். ஆனால் டிகிண்டர் போன்ற இன்னொரு கருவியான பைக்யூட்டியில் (PyQt) அதுவும் காலை வாரும்: பட்டனை அழுத்தும்போது எழும் கிளிக்டு சிக்னல் தானாக அனுப்பும் ஃபால்ஸ் (False) என்ற மதிப்பு, எண்ணின் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

பைத்தானோடு வரும் ஃபங்டூல்ஸ் (functools) தொகுப்பில் உள்ள பார்ஷியல், ஒரு ஃபங்ஷனோடு மதிப்பைச் சேர்த்துக் கட்டித் தரும்; பட்டன் உருவாகும்போதே மதிப்பைப் பிடித்துக்கொள்ளும். லூப் என்றால் நான் எடுப்பது இதைத்தான். அப்புறம், பயனர் பெட்டியில் தட்டச்சு செய்ததை அழுத்தும் நேரத்தில் எடுக்க வேண்டுமா? அங்கே லாம்ப்டாதான். பெட்டியில் உள்ளதைப் படிக்கும் கெட்டை (get) பார்ஷியலுக்குள் அழைத்தால், அது பட்டன் உருவாகும்போதே ஓடிவிடுவதால், தொடக்கத்தில் இருந்த வெற்றுச் சரமே கிடைக்கும்.