நாகர்கோவிலுக்கு எது உதவும்: சுரங்கச் சாலையா, மேம்பாலமா, நான்குவழிச் சாலையா?

"பெங்களூருல பூமிக்கு அடியில ரோடு போடப் போறாங்களாம். நமக்கும் ஒண்ணு போட்டா என்ன மக்கா?" வடசேரி டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். வெளியே வேன்களும் டவுண் பஸ்களும் ஆட்டோக்களும் நகர முடியாமல் நின்றன. நியாயமான கேள்விதான் என்று தோன்றியது. அதனால்தான் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

சுரங்கச் சாலைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. மேலே இருக்கும் ஊரை அது தொந்தரவு செய்யாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஊர் நடுவே ஓடிய பழைய உயர்நிலைச் சாலையை இடித்துவிட்டு, போக்குவரத்தைப் பூமிக்கு அடியில் கொண்டு போனார்கள். அந்த இடத்தில் இன்று பூங்கா இருக்கிறது. ஆனால் 280 கோடி டாலரில் முடியும் என்று தொடங்கிய வேலை, கடைசியில் 1,400 கோடி டாலரைத் தாண்டியது.

நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் குதிரான். திருச்சூர் – பாலக்காடு சாலையில், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான இரட்டைச் சுரங்கம். முதல் குழாய் 2021 ஜூலையில் திறக்கப்பட்டது. மலையேறித் திணறிய லாரிகள் இப்போது சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றன. அங்கே குறுக்கே நின்றது மலை. நாகர்கோவிலில் அப்படி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. இங்கே நெரிசலில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் ஊரைக் கடந்து போகிறவர்கள் அல்ல, ஊருக்குள் வருகிறவர்கள். கோட்டாறு சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கலெக்டர் ஆபீசுக்கு, பள்ளிக்கு. அவர்கள் சுரங்கத்துக்குள் போனாலும் ஊர் நடுவிலேயே மேலே ஏறி வரத்தான் வேண்டும்.

ஏறி வருவதற்கும் இடம் வேண்டும். பெரிய எந்திரம் கொண்டு குடைந்தால் குழாயின் விட்டம் 12 மீட்டர் அளவுக்கு வரும். அதன் தலைக்கு மேல் ஏறக்குறைய அதே கனத்துக்கு மண்ணோ பாறையோ நிற்க வேண்டும். ஆக, சாலை இருபது மீட்டருக்குக் கீழே போய்விடும். வண்டிகள் சிரமமில்லாமல் இறங்க, நூறு மீட்டருக்கு நான்கைந்து மீட்டர் சரிவுதான் கொடுக்கலாம். இறங்க அரை கிலோமீட்டர், ஏற அரை கிலோமீட்டர். நம் ஊரின் நெரிசல் பகுதியே மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சாய்தளத்துக்காக எந்தத் தெருவை, யாருடைய கடைகளை இடிப்பது?

இன்னொன்று, என்னை அதிகம் யோசிக்க வைத்தது: மும்பை கடற்கரைச் சாலைச் சுரங்கத்தில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. இங்கே ஜங்ஷனில் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் பைக்தான். காசு எல்லாருடையது, பாதை கார்க்காரர்களுக்கு மட்டும் என்றால் எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம் தண்ணீர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. குளமும் கால்வாயும் ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன. பெருமழைக்குப் பழையாறு பெருகினால் ஒழுகினசேரிக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. டெல்லியில் 2022-ல் திறந்த பிரகதி மைதான் சுரங்கச் சாலையையே, அடுத்த ஆண்டு மழையில் தண்ணீர் தேங்கி மூட வேண்டியிருந்தது. நம் ஊரில் ராத்திரி பகலாக பம்பு ஓட வேண்டும், கரண்டும் போகக்கூடாது. ஒக்கி புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மேம்பாலம் நமக்குப் புதிதல்ல. பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் இரும்புத் தூண்கள் மீது கட்டி 2018 கடைசியில் வண்டி விட்டார்கள். மார்த்தாண்டம் பாலம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். திருவனந்தபுரம் போகிறவருக்கு அது பெரிய வரம், சந்தேகமே இல்லை. பாலத்துக்கு அடியில் கடை வைத்திருப்பவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். கீழே இன்னும் நெரிசல்தான். வெளிச்சமும் குறைந்துவிட்டது. மேம்பாலம் ஒரு ஜங்ஷனைத் தாண்ட வைக்கும், அடுத்த ஜங்ஷனில் கொண்டு போய் நிறுத்தும். ஆனாலும் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். பைக்கில் போகிறவரும் போகலாம்.

ஊரைக் கடந்து போகிற வண்டிக்கு, அதிலும் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிக்கு, சரியான பதில் கேரள எல்லையில் உள்ள காரோட்டிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் நான்குவழிச் சாலைதான் என்பது என் கருத்து. நிரப்ப மண் கிடைக்காமலும் குளங்கள் தொடர்பான எதிர்ப்பாலும் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போன வேலை அது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. நாஞ்சில் நாட்டு வயல்கள் ஒரு குளத்திலிருந்து மறுகுளத்துக்குப் போகும் தண்ணீரை நம்பியவை. குளத்துக்குள் மண்ணைக் கொட்டிச் சாலை போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அந்த இடங்களில் தூண் நிறுத்திப் பாலமாகக் கொண்டு போனால் செலவு கூடும். கூடட்டும். சுரங்கத்துக்கு ஆகும் காசில் ஒரு சிறு பங்குதான் அது.

ஊருக்குள் வருகிறவர்களுக்கு என்ன வழி? 2021 முதல் பெண்களுக்கு டவுண் பஸ்ஸில் கட்டணமில்லை, பஸ் நிரம்பித்தான் வருகிறது. வடசேரிக்கும் அண்ணா பஸ் நிலையத்துக்கும் நடுவே பஸ் தங்கு தடையின்றி ஓட ஒரு வரிசை ஒதுக்க வேண்டும். பள்ளிகள் விடும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்பின் மாற்ற வேண்டும். நடைபாதையை நடப்பவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் குடையவும் வேண்டாம், தூண் நிறுத்தவும் வேண்டாம்.

அந்தப் பெரியவரிடம் மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ முதல்ல அந்த நாலு வழிய முடிக்கச் சொல்லு" என்றார்.