புயல் காலத்துக்கென்று விறகடுப்பும் சவுக்கு விறகும் வாங்குவோர் கவனத்திற்கு

ஐப்பசி மழை தொடங்கும் முன்பே அடுப்பு, புகைபோக்கி, விறகு மூன்றையும் ஒரே விலையில் பொருத்தித் தருவதாகச் சொல்லிக்கொண்டு, 2024 அக்டோபரில் விறகுத் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் கடலூர் முதுநகரில் எங்கள் தெருவுக்கு வந்தார். அவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்து நாங்கள் பெற்றது, காயாத விறகும், புகையை வெளியேற்றுவதற்குப் பதிலாக வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும் அடுப்பும்தான். இந்த ஆண்டும் அதே ஏற்பாட்டை அவர் விற்றுவருவதாகத் தெரியவந்ததால் இதை எழுதுகிறேன்.

எரிவாயு இருக்கும் வீட்டில் விறகடுப்பு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு இம்மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. சாலைகளில் மரங்கள் கிடந்ததால் சிலிண்டர் வண்டியும் வரவில்லை. அந்த நாட்களைக் கண்டவர்கள், மழை விடாமல் கொட்டும்போது வெந்நீர் வைக்கவும், சோறு வடிக்கவும், ஈரத் துணியை உலர்த்தவும், வயதானவர்கள் சற்றுக் கதகதப்பாக உட்காரவும் ஓர் அடுப்பு வேண்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை. அந்த நினைப்பைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

முதலில் விறகு. அரை டன் 'உலர் சவுக்கு' என்று எடைச் சீட்டில் எழுதிக்கொடுத்தார். இறக்கிய கட்டைகளின் பட்டை உரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டுமுனைகளில் ஒரு வெடிப்புகூட இல்லை. இரண்டு கட்டைகளைத் தட்டியபோது 'டங்' என்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டது. என் மாமியார் உடனே கேட்டுவிட்டார். அதற்கு அவர், "அம்மா, சவுக்கு பச்சையா இருந்தாலே எரியும்மா, வேற மரம் மாதிரி இல்ல" என்றார். இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்தானது. சவுக்கு பச்சையிலும் தீப்பிடிக்கும். ஆனால் உள்ளிருக்கும் நீரை ஆவியாக்குவதில் வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகிவிடும், தீயும் சூடேறாமல் புகை மிகும். நன்றாக எரிய வேண்டுமானால் விறகின் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்திலோ எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். பின்னர் ஒரு கட்டையை அடையாளமிட்டு மாடியில் கோடை முழுவதும் காயவைத்தேன். மளிகைக்கடைத் தராசில் முதலில் 4 கிலோ 100 கிராம் இருந்தது, வைகாசியில் 2 கிலோ 700 கிராமாக இறங்கியிருந்தது. இந்தக் கணக்குப்படி, நாங்கள் விறகு விலை கொடுத்து வாங்கிய அரை டன்னில் சுமார் 170 கிலோ தண்ணீர்.

அடுப்பு இதைவிட மோசம். புகைபோக்கி கூரைக்கு மேலே போகும் என்று பேசி, அதற்கான குழாய் நீளத்துக்குப் பணமும் வாங்கிக்கொண்டு, வேலைக்கு வந்த ஆட்கள் தளத்தைத் துளைக்காமல் வடக்குச் சுவரில் ஓட்டை போட்டு, சன்ஷேடுக்குக் கீழேயே குழாயை முடித்துவிட்டார்கள். சூடான புகை மேலேறும்போது உண்டாகும் இழுவிசையால்தான் புகைபோக்கி வேலை செய்கிறது. குழாய் குட்டையாக இருந்தாலும், சுவரை ஒட்டி நின்றாலும் அந்த இழுப்பு கிடைக்காது. கூரையை விட்டு வெளியேறும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்தும், 10 அடித் தொலைவுக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயர்ந்தும் குழாயின் வாய் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவான விதி. வாடைக்காற்று வீசும் திசையைப் பார்த்து வாயைத் திறந்துவைப்பது எந்த விதியிலும் சேராது.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது நினைவிருக்கும். மின்சாரம் போனதும் சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு அடுப்பை மூட்டினோம். கட்டையின் வெட்டுமுனையில் நுரை பொங்கிச் சொட்டியது. குழாயின் இணைப்பிலிருந்து கரித்தார் கலந்த பழுப்பு நீர் சுவரில் வழிந்தது. வடக்கிலிருந்து காற்று அடிக்க அடிக்க, உள்ளே போன புகை அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வந்தது. உலை கொதிப்பதற்குள் மாமியாருக்குத் தலைவலியும் குமட்டலும் கண்டுவிட, மழைச்சாரலைப் பொருட்படுத்தாமல் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து அடுப்பை அணைத்தோம். அன்றிரவு எல்லோருக்கும் ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

இதில் என்னால் மன்னிக்க முடியாதது அவர் விற்ற பொருளைவிட அவர் சொன்ன யோசனை: இரவில் தணலை இரும்புச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் விடியும்வரை சூடு தங்குமாம். தணலில் புகை இராது, ஆனால் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு சேர்ந்துகொள்வதால், தூங்குபவர் விழிக்காமலே உயிரிழக்க நேரிடும். யார் சொன்னாலும், எவ்வளவு குளிர் என்றாலும், மூடிய அறைக்குள் தணலை வைக்காதீர்கள்.

மழை விட்ட பிறகு அவரிடம் போனோம். "புயல்ல எந்த அடுப்பும் புகையத்தான் செய்யும்" என்றார். எடைச் சீட்டைக் காட்டியதும், காய்ந்த விறகுதான் கொடுத்ததாகவும் எங்கள் வீட்டில் நனைந்துவிட்டதாகவும் பேச்சை மாற்றினார். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. உள்ளூர்க் கொத்தனாரைக் கொண்டு தளத்தின் வழியே குழாயை உயர்த்தி, மேலே மழைமூடி போட்ட பிறகு, மாடியில் காய்ந்த அதே கட்டைகள் அதே அடுப்பில் புகையின்றி எரிகின்றன. குறை எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். எடைச் சீட்டு, குழாய் நீளம் எழுதிய ரசீது, சன்ஷேடுக்குக் கீழே முடிந்த குழாயின் படம் மூன்றும் கையில் இருக்கின்றன. இவரிடமே வாங்கி ஏமாந்தவர்கள் தங்கள் சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால், அவரவர் பெயரில் தனித்தனியாகப் புகார் கொடுக்க உதவும்.