வேர் ஊக்கிப் பொடி வாங்கலாமா? மாடித்தோட்டத்தில் சில வருடப் பயன்பாடு

குச்சி வெட்டி நட்டுச் செடி உண்டாக்குகிறவர்களிடம் எல்லாரும் கேட்பது, "ரூட்டிங் ஹார்மோன் போட்டீங்களா?" என்பதுதான். வெட்டிய குச்சியில் வேர் வரத் தூண்டும் பொடி அது. நான் போடுகிறேன். மதுரை வெயிலில், மொட்டை மாடியில், சில வருடங்களாகப் போட்டு வருகிறேன். ஆனால் எல்லாச் செடிக்கும் இல்லை.

டப்பாவில் இருப்பது பெரும்பாலும் வெறும் டால்க். அதில் மிகக் கொஞ்சமாக ஐபிஏ, அதாவது இண்டோல் பியூட்ரிக் ஆசிட் கலந்திருக்கும். வேர்விடத் தூண்டும் ஐஏஏ என்ற ஆக்சினை, அதாவது வளர்ச்சி ஹார்மோனைச் செடி தன் குருத்தில் தானே உண்டாக்கிக் கீழே அனுப்புகிறது. அது சீக்கிரம் சிதைந்துவிடும். அதே குடும்பத்து ஐபிஏ கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இளந்தண்டுக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு), பாதி முற்றியதற்கு 3000, நன்றாக முற்றிய கட்டைக்கு 8000 என்பது பொதுவான கணக்கு. 3000 பிபிஎம் என்றால் 0.3 சதவீதம். லேபிளில் இந்த எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். நான் ஆன்லைனில் முதலில் வாங்கிய டப்பாவில் "100% ஆர்கானிக்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது, ஐபிஏ எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. செம்பருத்திக்குப் போட்டேன், பிடித்தது. செம்பருத்தி சும்மா செருகி வைத்தாலே பிடிக்கும், அதில் என்ன பெருமை? ரோஜாவுக்குப் போட்டபோது சாயம் வெளுத்துவிட்டது.

உரக்கடையில் கேட்டால் சில இடங்களில் பிளானோஃபிக்ஸை எடுத்து நீட்டுவார்கள். அது என்ஏஏ, 4.5 சதவீதத் திரவம்; பூ, பிஞ்சு உதிராமல் இருக்கத் தண்ணீரில் சில சொட்டுகள் கலந்து தெளிப்பது. அதுவும் ஆக்சின்தான் என்றாலும், அப்படியே தொட்டு வைத்தால் தண்டு கருகிவிடும்.

பொடிக்குக் கொடுத்த காசு எனக்கு வசூலானது குண்டுமல்லியில். நவம்பர் கடைசியில் கவாத்து செய்யும்போது விழும் கிளைகளில், பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிந்ததாகப் பார்த்து எடுப்பேன். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணு. அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டு, மேல்வெட்டு நேராக. தலைகீழாக நட்டால் உருப்படாது, இப்படி வெட்டினால் எது அடி எது நுனி என்ற குழப்பம் வராது. உச்சியில் இரண்டு இலையை விட்டு அவற்றையும் பாதியாகக் கத்தரித்துவிடுவேன். அடியில் ஒரு பக்கம் மட்டும் பட்டையை லேசாகச் சீவி, தண்ணீரில் நனைத்து, பொடியில் தொட்டு, ஒரு தட்டு தட்டினால் போதும். அப்பிக்கொண்டிருக்கும் பொடி நல்லது செய்யாது, அளவு மீறினால் அடி கறுத்துவிடும். குச்சியை அப்படியே மண்ணில் குத்தினால் பொடி வழித்துக்கொண்டு மேலேயே நின்றுவிடும். வேறொரு குச்சியால் குழி போட்டுவிட்டு அதில் இறக்குங்கள்.

பொடி போடாத மல்லியும் பிடிக்கிறது. ஆனால் பறித்துப் பார்த்தால் ஒரு ஓரத்தில் ஒன்றிரண்டு வேர்தான் நீளமாக ஓடியிருக்கும். பொடி போட்டதில் அடியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று வட்டமாக வந்திருக்கும். தொட்டிக்கு மாற்றும்போது வாடுவது எது, நிமிர்ந்து நிற்பது எது என்பதை இந்த வேர்தான் தீர்மானிக்கிறது.

ஒரு விஷயம், தளிர் வந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ரோஜா இதில் பெரிய ஏமாற்றுக்காரி. தண்டில் இருக்கும் சேமிப்பை வைத்தே செக்கச்செவேலென்று துளிர்த்துவிடும், கீழே ஒரு வேர்கூட இருக்காது. திடீரென்று ஒரு நாள் எல்லாம் தொங்கிவிடும். அதனால் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் டம்ளரில் நட்டு, அதை ஒரு பேப்பர் கப்புக்குள் இறக்கி வைக்கிறேன். வெளியே உருவிப் பார்த்தால் வேர் தெரியும், மற்ற நேரம் வேருக்கு இருட்டு. குச்சியை ஆட்டி ஆட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

சரி, பொடி எவ்வளவு உதவி, மற்றதெல்லாம் எவ்வளவு? என்னைக் கேட்டால் ஈரப்பதம்தான் முக்கால்வாசி. வேரில்லாத குச்சியால் இலை விடும் நீரை ஈடுகட்ட முடியாது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்து மேலே கவிழ்த்து, நிழலில் வைத்து, தினம் கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வைத்தால் போதும். நான் செடி வாங்கும் நர்சரி அண்ணாச்சி, "பொடிய விடுங்கம்மா, தண்ணி தேங்காமப் பாருங்க" என்பார். குண்டுமல்லி நாற்றுக்குப் பேர்போன, ராமேஸ்வரம் தீவிலிருக்கும் தங்கச்சிமடமும் நீர் நிற்காத தீவு மணல்தான். மாடியில் ஆற்று மணலுக்கு எங்கே போவது? கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டை அப்படியே போட்டால் அதிலிருக்கும் மாவு இறுகிவிடும். சலித்து, கழுவி, உப்பு போகக் கழுவிய கோகோபீட்டோடு (தேங்காய் நார்த்தூள்) சரிபாதி கலக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் எந்தப் பொடியும் காப்பாற்றாது. அந்த மாதம் கடையைச் சாத்திவிடுவேன்.

வீட்டு வைத்தியங்களையும் பார்த்தாயிற்று. தேன், லவங்கப்பட்டைப் பொடி இரண்டும் பூஞ்சை வராமல் ஓரளவு தடுக்கும், ஐபிஏ செய்யும் வேலையைச் செய்யாது. இளநீரில் இருக்கும் சைட்டோகைனின் என்ற வேறு ஹார்மோன் துளிர்விடத்தான் தள்ளும். எறும்பு வந்தது தனிக்கதை.

முருங்கை, பூவரசு, கிளுவைக்குப் போத்து, அதாவது தடித்த கிளையை வெட்டி நட்டாலே போதும். கற்பூரவள்ளியை ஒடித்துப் போட்டாலே முளைக்கும். இவற்றுக்குப் பொடி வாங்குவது வீண். மாமரக் குச்சிக்கு டப்பா முழுவதையும் கொட்டினாலும் பலன் இல்லை, அதற்கு ஒட்டுதான் வழி. நடுவில் நிற்கும் மல்லி, ரோஜா, காகிதப்பூ, மாதுளை இவற்றுக்கு வாங்கலாம்.

சின்ன டப்பாவாகவே வாங்குங்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் வீரியம் குறையும் என்பதால் என்னுடையது ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில், "மருந்து, சாப்பிடாதே" என்ற சீட்டோடு இருக்கிறது. தேவையானதைத் தாளில் கொட்டிக்கொண்டுதான் தொடுவேன். ஈரக் குச்சியை டப்பாவுக்குள்ளேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். தாளில் மிஞ்சியதையும் திருப்பிக் கொட்டுவதில்லை. அதற்காகவே இப்போதெல்லாம் அதே நாளில் கொய்யாவில் விண்பதியனுக்கும் (கிளையை மரத்திலேயே வைத்து வேர்விட வைப்பது) வளையமாகப் பட்டை உரித்துவிடுகிறேன். மிச்சப் பொடி அந்த வளையத்தின் மேல்விளிம்புக்குப் போய்விடும்.