ஏழு ஆண்டுக் கொய்யாவும் ஐந்து பருவப் பீர்க்கும்

சென்ற வாரக் காற்றில் பீர்க்கம்பந்தலின் கால் ஒன்று முறிந்து, காய்களோடு பந்தல் தரையில் படுத்துவிட்டது. புதுக் கால் நட்டு, கம்பியை இழுத்துக் கட்டி முடித்த அன்றுதான் நண்பர் ஒருவர் கேட்டார்: "நல்ல வெயில் விழுகிற இடம் எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பழமரம் வைக்கட்டுமா, காய்க்கொடி விடட்டுமா?" ஏழு ஆண்டுகளாக ஒரு கொய்யா மரமும், ஐந்து பருவங்களாகப் பீர்க்கங்கொடியும் என் தோட்டத்தில் இருக்கின்றன. எந்த மண், எத்தனை தண்ணீர், எத்தனை நாளில் காய்க்கும் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கிற விவரங்கள். எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் ஒரு புழுவைப் பற்றித்தான்.

கொய்யாப் பழத்தை நறுக்கியதும் உள்ளே புழு நெளிவதைப் பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். வெளியே பழம் பழுதில்லாமல் பளபளக்கும். உற்றுப் பார்த்தால்தான் தோலில் ஊசி முனை பட்டது போல ஒரு புள்ளியும் அதைச் சுற்றிச் சிறு குழிவும் தெரியும். அங்கே விரலால் அழுத்தினால் தோல் அமுங்கும். நறுக்கினால் விதைப்பகுதி கொழகொழத்துக் கிடக்கும். வெள்ளைப் புழுக்கள் தலையையும் வாலையும் சேர்த்து வில்லாக வளைந்து, சுண்டிவிட்டது போலத் தட்டிலிருந்து துள்ளி விழும். பழ ஈயின் வேலை இது. காய் முற்றி நிறம் வெளுக்கிற வேளையில் பெண் ஈ தோலுக்கடியில் முட்டைகளைச் செருகிவிடுகிறது. பழம் கனியட்டும் என்று நாம் காத்திருக்கும் அதே நாட்களில் உள்ளே புழுவும் வளர்கிறது. பூ பூத்ததிலிருந்து நாலைந்து மாதம் பொறுத்திருந்துவிட்டுக் கடைசிச் சில நாட்களில் பறிகொடுப்பதென்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? நான்காம் ஆண்டில் ஒரு பருவம் முழுக்க எனக்கு ஒரு நல்ல பழம்கூடக் கிடைக்கவில்லை. அணில் கொறித்த பழங்களைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை, அவை அதன் பசியையாவது ஆற்றின.

அந்த நிலைமைக்கு நானும் காரணம் என்பதை மறைக்க மாட்டேன். பதியன் கன்றாக வைத்த மரம் இரண்டாம் ஆண்டே பூத்துவிட்டதால், அதன்மேல் கத்தரிக்கோலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பூத்துக் காய்க்கும் கிளையை வெட்டுவது பாவம் என்று தோன்றியது. கொய்யாவின் குணமோ நேர்மாறானது. அது புதிதாகத் துளிர்க்கும் தளிரில்தான் பூக்கும். பழைய கிளை நீண்டுகொண்டே போக, தளிர்கள் உச்சிக்கு ஏற, காய்களும் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. எட்டாத காயைக் கவனிக்கவும் முடியாது, காக்கவும் முடியாது. முற்றி, வெம்பி, தரையில் விழுந்த பிறகுதான் அது நம் கைக்கு வரும். விழுந்த பழத்திலிருந்து புழு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகக் கிளம்பும். அடுத்த பருவத்துக்கான ஈக்களை நானே மரத்தடியில் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மெத்தில் யூஜினால் என்ற வாசனைப்பொருள் வைத்த ஈப்பொறி ஒன்றை வாங்கிக் கட்டினேன். ஒரு வாரத்தில் டப்பாவின் அடி தெரியாத அளவுக்கு ஈ குவிந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் பழத்தில் புழு குறையவில்லை. காரணம் எளியது: அந்த வாசனைக்கு ஆண் ஈக்கள் மட்டுமே வரும். வேறெங்கோ இணை சேர்ந்துவிட்டுப் பறந்து வரும் பெண் ஈ, பொறியைத் திரும்பிப் பார்க்காமல் நேரே காய்க்குப் போகும். சுற்றுவட்டாரம் முழுக்கப் பலர் சேர்ந்து கட்டினால் பொறியால் பெரும்பயன் உண்டு. தனி ஒரு மரத்துக்கு அது துணைதான், காவல் அல்ல. இதே பொறியைப் பீர்க்கம்பந்தலிலும் தொங்கவிட்டிருந்தேன். அங்கும் பிஞ்சுகள் குத்துப்பட்டு, வளைந்து அழுகின. பூசணிக் குடும்பத்துக் கொடிகளைத் தாக்கும் ஈ வேறு இனம் என்பதும், அதன் ஆண் ஈக்கு வேண்டிய கவர்ச்சிப்பொருள் கியூலூர் என்பதும் எனக்கு இரண்டு பருவம் கழித்தே தெரிந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் பலர் இன்னும் இதில் ஏமாறுகிறார்கள்.

பீர்க்கு எனக்குக் கொடுத்த மகிழ்ச்சி காயில் இல்லை, மாலையில் இருக்கிறது. பெரும்பாலான பூக்கள் சுருங்கும் நேரத்தில் பீர்க்கம்பூ விரியும். வெயில் சாயும்போது முறுக்கிக்கொண்டு நிற்கும் மொட்டுகள், இருட்டும் முன் பந்தல் முழுக்க மஞ்சளாக அவிழ்ந்துவிடும். மெல்லிய இனிப்பு மணம் ஒன்று வரும். அந்துப்பூச்சிகள் வந்து சேரும். ஆண் பூக்கள் கொத்தாகவும், பெண் பூ தனியாகவும் வரும். பெண் பூவின் அடியில் விரல் நுனியளவு பிஞ்சு ஒன்று வரிகளோடு ஏற்கெனவே உருவாகியிருக்கும். ஓர் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களைப் பின்னால் மடித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக ஒற்ற வேண்டும். விரலில் மஞ்சள் பொடி ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் முடிவு தெரிந்துவிடும். கருவுறாத பிஞ்சு மஞ்சளித்துச் சுருங்கும். கருவுற்றது கீழ்நோக்கித் தொங்கி, பத்து வரிகளும் புடைக்க, கண்ணெதிரே நீளும். என் கை பட்டு ஒரு காய் உண்டானது என்ற நிறைவைக் கொய்யா எனக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை.

பீர்க்கின் குறைகள் சிறியவை என்று சொல்ல வரவில்லை. சாம்பல் நோய் வந்தபோது கந்தகத் தூளைத் தூவி ஒரு கொடியையே கருக்கினேன். இந்தக் குடும்பத்துக் கொடிகளின் இலை கந்தகத்தைத் தாங்காது. நான்கு நாள் வெளியூர் போய் வந்தால் காய் நாராகிவிடும். எப்போதாவது ஒரு காய் கடுங்கசப்பாக வரும். அதைச் சமைத்துச் சரிசெய்ய முடியாது, தூக்கியெறிவதே உடம்புக்கு நல்லது. ஆனாலும் எந்தத் தவறும் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் என்னைத் துரத்தியதில்லை. கொடியைப் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, புது விதை ஊன்றினால் இரண்டு மாதத்தில் மறுபடி காய். மரத்தில் செய்த தவறு அப்படி விடாது. உயரத்தில் பிழை செய்த மூன்று ஆண்டுகளைச் சரிசெய்ய எனக்கு இன்னொரு இரண்டு ஆண்டு பிடித்தது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் நண்பரிடம் பீர்க்கு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். கொய்யா என்று சொன்னேன்.

பந்தல் சரிந்த மறுநாள் காலை அந்த இடத்தில் நின்றபோது, ஐந்து பருவ உழைப்புக்கு அங்கே ஒரு கம்பும் சில கயிறுகளும் மட்டுமே மிச்சமிருந்தன. இரண்டடி தள்ளிக் கொய்யா நின்றது. அதே காற்று அதற்கும் அடித்திருந்தது. சில இலைகள் உதிர்ந்திருந்தன, அவ்வளவுதான். பட்டை உரிந்து வழவழப்பான தண்டில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கவாத்து செய்த, அதாவது நுனி வெட்டிவிட்ட, கிளைகளில் செந்தளிர் விட்டு, கணுக்களில் வெள்ளை மொட்டுகள் கட்டியிருந்தன. அந்த மரத்தின்மேல் எனக்கு இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் ஒரே ஓர் இடம் இருப்பவர் அதை ஆண்டுக்கு ஆண்டு வெறுமையாகப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

நண்பருக்கு நிபந்தனையும் சொன்னேன். முதல் ஆண்டிலிருந்தே கவாத்து செய்யுங்கள், மரம் உங்கள் தலையைத் தாண்டி இரண்டடிக்கு மேல் போகக் கூடாது. காய் எலுமிச்சை அளவு வந்ததும் மெல்லிய துணிப்பையைக் காம்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், இடைவெளி இருந்தால் எறும்பும் மாவுப்பூச்சியும் உள்ளே குடியேறும். நிறம் வெளுக்கத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் வைத்தாலே கொய்யா பழுத்துவிடும், மரத்திலேயே கனிய விடாதீர்கள். கீழே விழுந்ததை அன்றன்றே பொறுக்கி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போடவே கூடாது. சென்ற பருவத்தில் இப்படிச் செய்ததில், பை கட்டிய பழங்களில் மூன்றைத் தவிர எல்லாம் சுத்தமாக வந்தன. அந்த மூன்றும் நான் நாள் தள்ளிக் கட்டியவை.

"பீர்க்கு?" என்றார். வேலியில் ஒரு விதை போடுங்கள் என்றேன். இந்தப் பருவத்துக் கொய்யாவில் இன்னும் பதினெட்டுக் காய்களுக்குப் பை கட்ட வேண்டியிருக்கிறது. இரண்டில் ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டது.