மட்டுக்கட்டுவதா, துணிவதா?

இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் அம்மா பிலாப்பழத்தைத் தூக்கி, விரலால் தட்டி, முகர்ந்து பார்த்து, "எட்டுக் கிலோ வரும், நாளைக்குப் பழுத்திடும்" என்பார். அது மட்டுக்கட்டுவது, அதாவது குறிகளை வைத்துக் கணிப்பது. அங்கே ஆளை அடையாளம் காண்பதற்கும் இதே சொல்தான்: "குரலை வைச்சே உன்னை மட்டுக்கட்டிட்டன்." கணிப்புப் பிழைத்தாலும் நட்டமில்லை.

வெட்டிப் பார்க்காமலே காசை நீட்டினால், சரி, அப்போது துணிந்துவிட்டோம். 'பழத்தை மட்டுக்கட்டினேன்' என்று ஐ உருபு வரும். துணிவதற்கோ 'வாங்கத் துணிந்தேன்' எனப் பெரும்பாலும் வினையெச்சம் வரும். முடிவுசெய்தல் என்பதும் துணிதலின் பழைய பொருள். 'துணிபு' என்ற சொல்லில் அது இன்னும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து மீனவர் ஊரான பாசையூரின் கரையில் நின்று, தென்திசையிலிருந்து வீசும் சோளகக் காற்றை மட்டுக்கட்டுபவரைத் 'துணிந்தார்' என்று எழுதினால் எனக்குப் பொறுக்காது. அவர் இன்னும் வள்ளத்தைத் தள்ளவில்லையே!